கட்-ஆஃப்

பதினேழு வயதில் ஒருமுறை கட்-ஆஃப் பார்த்தேன்.
நூற்று எண்பத்தொன்று புள்ளி இரண்டு ஐந்து.
நெட் சென்டரில் பத்து ரூபாய்க்கு அச்செடுத்து
நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.
முப்பத்திரண்டில்,
டெக்சஸ், கிலீன் நகரத்து முகாமில்,
மாதக் கடைசியில்
மறுபடி கட்-ஆஃப் பார்க்கிறேன்.

பாடங்கள்தான் வேறு.
ஓட்டத்துக்கு இத்தனை, சுடுவதற்கு இத்தனை,
பதக்கத்துக்கு, பயிற்சிக்கு,
கல்லூரிக்கு இத்தனை.
கல்லூரிக் கட்டம் எனக்கு நிரம்பி வழிகிறது.
வழிவதற்குப் புள்ளி இல்லை.
மெக்கானிக்கல், முதல் வகுப்பு,
ஒரே ஒரு அரியர், அதுவும் எம்-த்ரீ.
சேர்ந்த அன்றே ஸ்பெஷலிஸ்ட் பட்டையை
வாங்கித் தந்துவிட்டு
அலமாரியில் போய்ப் படுத்துக்கொண்டது அந்தப் பட்டம்.
நாற்பது இலக்கில் இருபத்தாறு சுடுகிறேன்.
வெப்ப இயக்கவியல் தோட்டாவைத் திருப்பாது.

சார்ஜண்ட் கினோனெஸுக்கு இருபத்துநாலு வயது.
பள்ளியைப் பாதியில் விட்டு
பிறகு தனியாகத் தேர்வெழுதித் தேறியவள்.
நாற்பதில் நாற்பது.
ஒருவன் நிற்கிற நிற்பிலேயே
காலுறை ஈரம் என்று சொல்லிவிடுவாள்.
போன மார்ச், களப்பயிற்சி.
தலைகளை எண்ணி, இருபத்திரண்டு, சரி, என்றேன்.
அவளும் எண்ணினாள்.
“ஹாலோவே ரெண்டு வேளையா சாப்பிடல” என்றாள்.
என் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.

யாருடைய பட்டியலிலும் இல்லை. அவளுக்கும் தெரியும்.
அதனால்தான் இரவு பத்து மணிக்கு
சப்ளை அறையில், கூடார முளைப் பெட்டியின் மேல்
மடிக்கணினி வைத்து
ஆங்கிலக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள்.
மூன்று கிரெடிட்.
ஸ்டாஃப் சார்ஜண்டுக்கு இன்னும் ஐந்து புள்ளி.

“பட்டம் படிச்சா நல்ல சார்ஜண்ட் ஆகலாமா, வீ?”
“என்னைப் பார்த்தபிறகுமா கேட்கிறீர்கள்?”
சிரித்தாள். பிறகு சிரிக்காமல்,
“காற்புள்ளி எங்கே போடணும், அதை மட்டும் சொல்.”

போட்டேன். பதினான்கு காற்புள்ளி.
அவள் அம்மாவின் சலவைக்கடை மூடிய நாளைப் பற்றி
ஒரு வாக்கியம் மூச்சு விடாமல் ஓடியது.
இலக்கணப்படி தப்பு.
அதைத் தொடவில்லை.
பேராசிரியர் அங்கேதான் மதிப்பெண் குறைத்தார்.

பட்டியல் வந்தது. அவள் இருந்தாள்.
என் தரத்துக்கு இந்த மாதம் கட்-ஆஃப் ஏறியிருந்தது,
பதினொன்று குறைவு எனக்கு.
பலசரக்குக் கடை வாகன நிறுத்தத்தில்
சாயங்காலக் கரும்பறவைகள்
மரத்துக்கு ஆயிரம், வரிசையில்லாமல், ஒரே கூச்சல்.
காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஐஸ்கிரீம் உருகிவிட்டது.

அப்பா வாட்ஸாப்பில் கேட்டிருந்தார்:
பி.இ. முடிச்சவன் ஏன் இன்னும் பெட்டி எண்ணிட்டிருக்க?
பதில் தட்டினேன், அழித்தேன்.

என் பெயர் தளவாய். படைத்தலைவன் என்று அர்த்தம்.
இங்கே ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.
கடைசிப் பெயரில் நடக்கிற ராணுவம் இது.
நெஞ்சில் தைத்திருப்பது உங்கள் பெயர்.
வெயிலுமுத்து, குப்பையைக் கொட்டு.
வெயிலுமுத்து, தண்ணீர்ப் பெட்டி ஐம்பது, ஓடு.
நாக்கு சுளுக்கியவர்களுக்கு வெறும் வீ.
எட்டாவதோடு நின்று,
கோவில்பட்டி பெட்ரோல் பங்கில் இரவு ஷிப்ட் பார்த்து
செமஸ்டர் ஃபீஸ் கட்டிய நீங்கள்தான்
தினமும் என் வாயால்
“எஸ், சார்ஜண்ட்” சொல்கிறீர்கள்.

நாளை ஆறரைக்குச் சுடுதளம்.
மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, பிறகு அழுத்து
என்று சொல்லியிருக்கிறாள்.
பதினொன்றுதான், அப்பா.
உத்தரவு வந்தால் பாருங்கள்.
முதலில் உங்கள் பெயர்.
பிறகு ஒரு காற்புள்ளி.
அதற்குப் பிறகுதான் நான்.